படுத்தது கார்டா, ஸ்லாட்டா? ஒரு நூற்பாலை சுவிட்சின் நிகழ்வு ஆய்வு

பல்லடத்திலிருந்து உடுமலை போகிற ரோட்டில் ஒரு நூற்பாலை. அங்கே நெட்வொர்க்கின் நடுநாயகமாக இருந்தது ஒரு மாடுலர் சுவிட்ச்: சேசிஸ் என்பது கூடு, அதில் உள்ள ஸ்லாட்டுகளில் கார்டுகளைச் செருக வேண்டும். அதில் கேபிள்கள் வந்து சேரும் ஒரு லைன் கார்டு அடிக்கடி விழுந்து எழுந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்யப் போன இடத்தில் கார்டும் போய், இரண்டு ஸ்லாட்டும் போய், கடைசியில் சேசிஸையே மாற்ற வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் முதலில் வந்த கோளாறுக்கும் அந்தக் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை. எது முதலில் கெட்டது, எது அதனால் கெட்டது, எது நம் கையால் கெட்டது என்று, பிறகு பார்க்கப் போன எங்கள் பட்டறை பிரித்துப் பார்த்ததை இங்கே எழுதியிருக்கிறேன். ஆலையின் பெயர், முன்பு அங்கே பராமரிப்பு பார்த்த நிறுவனத்தின் பெயர், சுவிட்சின் பிராண்டு எதுவும் வேண்டாம். ஸ்லாட் வைத்த எந்தச் சேசிஸிலும் இது நடக்கும்.

இருந்த நிலை

ஆலை மூன்று ஷிப்டும் ஓடுகிறது. ரிங் ஃப்ரேம்களின் ஸ்பிண்டில் வேகம், இழை அறுந்த கணக்கு, கோன் வைண்டிங் மெஷின்களின் தரவு எல்லாம் ஒரு சர்வருக்கு வந்து சேரும். அப்புறம் எடை மேடை, ஸ்டோர்ஸ், அலுவலகம், ஹாஸ்டல் வரைக்கும் கேமராக்கள். எல்லாம் ஏழு ஸ்லாட் உள்ள ஒரே சேசிஸில்தான் முடிகின்றன. நடுவில் 3, 4 இரண்டும் சூப்பர்வைசர் கார்டுகள், சுவிட்சின் மூளை. ஒன்று வேலை செய்யும், மற்றது தயார் நிலையில் காத்திருக்கும். 1-இல் ஃபைபர் கார்டு. 2, 5, 7 ஆகியவற்றில் காப்பர் கார்டுகள். கேமராக்களுக்கு மின்சாரமும் சேர்த்துக் கொடுக்கும் கார்டு 5-இல். ஆறாவது ஸ்லாட் காலி. இந்தக் காலி ஸ்லாட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவிட்ச் இருந்த அறை, எலக்ட்ரிகல் ரூமின் ஒரு மூலையைத் தடுத்து ஏசி போட்டது. ஏசி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரேக்கின் வலப்பக்கம் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தது. இந்த வகைச் சேசிஸ் முன்னாலிருந்து பின்னால் காற்று இழுப்பதில்லை; வலப்பக்கம் இழுத்து இடப்பக்கம் தள்ளும். பக்கவாட்டில் குறைந்தது அரையடி இடைவெளி விடச் சொல்லி நிறுவும் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். ரேக் வைத்தவர் கதவு திறக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார். பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் வைக்கிறார்கள்.

புகார்

ஆலையின் ஐ.டி. பையன் சொன்னது இது: "ஏனுங்ண்ணா, மத்தியானம் ரெண்டு மணி தாண்டுனாப் போதுங்க, அஞ்சாவது கார்டுல இருக்கற கேமரா அத்தனையும் ஒண்ணாப் போயிரும். கொஞ்ச நேரம் கழிச்சு அதுவா வந்துரும். காலையில பாத்தா எல்லாம் நல்லாத்தானுங்க இருக்கும்."

எலக்ட்ரீஷியன் வயதில் பெரியவர். அவரிடம் கேட்டேன். "ஈபி மேல பழி போடாதீங்க தம்பி. யூபிஎஸ்ல ஒரு பீப் சத்தம் கூட வரலை" என்றார். அவர் சொன்னது சரி. மின்சாரம் ஆடியிருந்தால் ஒரு கார்டு மட்டும் விழாது. பவர் சப்ளை இரண்டில் ஒன்று போய், மிச்சமுள்ளது எல்லாருக்கும் போதாமல் சுவிட்ச் ஒரு கார்டை இறக்கிவிடுவது உண்டுதான். ஆனால் இரண்டு பவர் சப்ளையும் பச்சை, இரண்டும் ஒரே யூபிஎஸ், கேமராக்கள் இழுக்கும் வாட் கணக்கும் ஒரு பவர் சப்ளையின் அளவுக்குள்ளேயே இருந்தது. அந்தப் பக்கம் அதற்கு மேல் நோண்டவில்லை.

கேபிளையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஒரு கார்டின் அத்தனை போர்ட்டும் ஒரே நொடியில் விழுந்தால் அது கேபிள் இல்லை, கேமரா இல்லை. ஒரு பகுதி மட்டும், எட்டு எட்டாகவோ பன்னிரண்டு பன்னிரண்டாகவோ விழுந்தால் அந்தப் போர்ட்டுகளைக் கவனிக்கும் சில்லு. மொத்தமாக விழுந்தால் கார்டின் மின்சாரம், சூடு, அல்லது கார்டுக்கும் பேக்பிளேனுக்கும் (சேசிஸின் உள்ளே கார்டுகளை இணைக்கும் பலகை) உள்ள தொடர்பு.

எங்களுக்கு முன்னால் நடந்தது

பராமரிப்பு ஒப்பந்தம் வைத்திருந்த நிறுவனத்திலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்து பார்த்திருக்கிறார். பேட்ச் கேபிள்களை மாற்றினார். போகவில்லை. பிறகு, எல்லாரும் கற்றுக்கொண்டதைத்தான் செய்தார்: 5-இல் இருந்த கார்டைக் கழற்றி, காலியாக இருந்த 6-இல் போட்டுப் பார்த்தார். கொஞ்சம் இறுக்கமாக இருந்ததாம்; லீவரை அழுத்தி உள்ளே தள்ளினார். கார்டு எழவில்லை. திரும்ப 5-இல் போட்டார். இப்போது 5-இலும் எழவில்லை. சரி, கார்டு போய்விட்டது என்று தங்கள் நிறுவனத்திலிருந்து ஒரு மாற்றுக் கார்டு கொண்டுவந்து 5-இல் போட்டார். அதுவும் எழவில்லை. சுவிட்சையே ஆஃப் செய்து ஆன் செய்தார்கள், ஒரு முறைக்கு மேல்.

நல்ல கார்டும் எழவில்லை என்றால் சேசிஸ்தான் போயிருக்க வேண்டும், சூப்பர்வைசரும் சந்தேகம் என்று ஒரு பெரிய கொட்டேஷன் வந்தது. மாற்றுக் கார்டை 7-இல் போட்டுப் பார்க்கலாம் என்றும் ஒரு யோசனை ஓடியிருக்கிறது. 7-இல் அலுவலகமும் டிஸ்பேட்ச் பில்லிங்கும் ஓடுகின்றன, பகலில் தொடக்கூடாது என்று மேனேஜர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பால் பிழைத்தது எவ்வளவு என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

மெயின்டனன்ஸ் மேனேஜர் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, இத்தனையும் மாத்தோணுமா, இல்லை ஏதாச்சும் ஒண்ணை மாத்துனாப் போதுமா? அதை மட்டும் சொல்லுங்க."

தொடாமல் பார்த்தது

முதலில் கன்சோல் கேபிளைச் செருகி, கார்டுகளின் நிலையைக் காட்டும் ஷோ மாட்யூல் கட்டளையைக் கொடுத்தேன். 1, 2, 7 மூன்றும் ஓகே. 3 ஆக்டிவ், 4 ஸ்டேண்ட்பை. 5-இல் மாற்றுக் கார்டு, கோளாறு என்ற நிலையில். சூப்பர்வைசர்கள் இரண்டும் தங்கள் சுயசோதனையில் தேறியிருந்தன. ஆகவே சூப்பர்வைசரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். மூன்று கார்டுகள் அதன் தயவில் ஒழுங்காக ஓடும்போது ஒரு ஸ்லாட்டுக்காக அதைச் சந்தேகிப்பது வீண்.

பதிவுகளைக் காட்டும் ஷோ லாக்கிங் வெறுமையாக இருந்தது. பதிவுகள் சுவிட்சின் நினைவகத்தில் மட்டுமே இருந்தன. ஆஃப் செய்து ஆன் செய்தபோது எல்லாம் அழிந்துவிட்டன. கோளாறு வந்த சுவிட்சை ரீஸ்டார்ட் செய்யும் முன் லாக்கை ஒரு ஃபைலில் எடுத்து வைக்க இரண்டு நிமிடம் போதும். பதிவுகளை வெளியே வாங்கிச் சேமிக்கும் சிஸ்லாக் சர்வரும் இந்த ஆலையில் இல்லை.

விசிறி, சூடு நிலையைக் காட்டும் ஷோ என்விரான்மென்ட் மட்டும் பேசியது: விசிறிகள் எல்லாம் அடங்கிய ஃபேன் ட்ரேயில் ஒரு விசிறி நின்றிருக்கிறது. ட்ரே முழுதாகப் போகவில்லை என்பதால் சிறு எச்சரிக்கை என்ற அளவில் நின்றுவிட்டது. ஃபேன் ட்ரேயின் விளக்கும் ஆரஞ்சு நிறத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது. ரேக்கின் கதவு கறுப்புக் கண்ணாடி; மூடியிருந்தால் தெரியாது.

டார்ச் அடித்துப் பார்த்தது

5-இல் இருந்த மாற்றுக் கார்டை மெதுவாகக் கழற்றினோம். கையில் ஸ்டாட்டிக் பட்டை. அதை ஏன் கட்டுகிறோம் என்று ஆலைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. டிபார்ட்மென்டில் ஈரப்பதம் இறங்கினால் நூல் அறும், பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும். ஸ்டாட்டிக் என்ன செய்யும் என்பதை நம்மைவிட அவர்கள் நன்றாக அறிவார்கள்.

பேக்பிளேன் பக்கம் ஊசி ஊசியாகப் பின்கள் நிற்கும். கார்டின் பின்புறம் அவற்றுக்கு நேராகச் சின்னச் சின்னத் துளைகள். பின்னுக்கும் பின்னுக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்கூட இருக்காது. டார்ச்சை நேராக அடித்தால் எல்லாம் பளபளவென்று ஒன்றுபோலத் தெரியும், எதுவும் பிடிபடாது. ஒரு பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். அப்போது பின்களின் நிழல் வரிசை வரிசையாக விழும். வரிசை எங்கே உடைகிறதோ அங்கே கோளாறு. பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடி ஒன்றும், போன் கேமராவின் பெரிதாக்கும் வசதியும் போதும்.

5-இல் ஒரு பின் அடியோடு மடங்கிப் படுத்திருந்தது.

6-இல் டார்ச் அடித்தபோது முதலில் பின்களே தெரியவில்லை. கனெக்டரின் கீழ்ப் பகுதி முழுக்கப் பஞ்சு, அடைபோலப் படிந்து இறுகியிருந்தது. ஸ்டாட்டிக் வராத பிரஷும் சின்ன வேக்குவமும் வைத்துப் பொறுமையாக எடுத்த பிறகு, அதற்கடியில் பக்கத்துப் பக்கத்துப் பின்கள் சில சாய்ந்து கிடந்தன. 5-இல் படுத்த பின் எந்த வரிசையில், எத்தனையாவது இடத்தில் இருந்ததோ, 6-இலும் அதே இடத்தில் ஒன்று.

இது தெரிந்தவுடன் ஒரு கட்டத் தாளை எடுத்து நான்கு படம் போட்டோம்: ஸ்லாட் 5, ஸ்லாட் 6, பழைய கார்டு, மாற்றுக் கார்டு. பழைய கார்டு அதுவரை யூபிஎஸ் மேல் நியூஸ் பேப்பரில் சுற்றிக் கிடந்தது. அதன் கனெக்டரை லென்ஸ் வைத்துப் பார்த்தால், துளைகளில் பஞ்சு திணிந்திருந்தது; ஒரு துளையின் பிளாஸ்டிக் உள்ளே அமுங்கி வாய் மூடியிருந்தது. மாற்றுக் கார்டிலும் ஒரு துளையின் ஓரம் சிதைந்திருந்தது. நான்கு படத்திலும் அடையாளம் ஒரே கட்டத்தில் விழுந்தது.

கதை இப்போது நேராகிவிட்டது. 6-இல் பஞ்சு இருந்தது. கார்டை அழுத்தியபோது பஞ்சு பின்களைச் சாய்த்தது, சாய்ந்த பின் கார்டின் துளையை நசுக்கியது. நசுங்கிய துளையுள்ள கார்டு திரும்ப 5-க்குப் போனது. அங்கே நேராக நின்ற பின், நுழைய வழியில்லாமல் மடங்கியது. மடங்கிய பின் உள்ள ஸ்லாட்டில் நல்ல மாற்றுக் கார்டைப் போட்டபோது அதன் துளையும் சிதைந்தது. ஒட்டுவாரொட்டி மாதிரி கார்டிலிருந்து ஸ்லாட்டுக்கு, ஸ்லாட்டிலிருந்து கார்டுக்கு. மாற்றுக் கார்டை 7-இல் போட்டுப் பார்த்திருந்தால் 7-ம் போயிருக்கும், அதோடு டிஸ்பேட்ச்சும்.

அந்த டெக்னீஷியனை நான் குறை சொல்ல மாட்டேன். கோளாறு கார்டோடு போகிறதா, ஸ்லாட்டோடு நிற்கிறதா என்று இடம் மாற்றிப் பார்ப்பதுதான் மாடுலர் சுவிட்சில் முதல் பாடம். ஆனால் இடம் மாற்றுவதற்கு முன் கனெக்டரைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பாடத்தில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், இன்னொன்றையும் சேர்ப்பேன். சந்தேகமான கார்டை நல்ல ஸ்லாட்டில் போடுவதும், நல்ல கார்டைச் சந்தேகமான ஸ்லாட்டில் போடுவதும் ஒன்றில்லை. கார்டு போனால் ஒரு கார்டு. ஸ்லாட் போனால் சேசிஸ். அதனால் முதலில் ஸ்லாட்டைத்தான் சோதிக்க வேண்டும், அதுவும் போனாலும் கவலையில்லாத, வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த ஒரு பழைய கார்டை வைத்து. அதற்காகவே ஒன்றிரண்டு பழைய கார்டுகளை எடைக்குப் போடாமல் எங்கள் அலமாரியில் வைத்திருக்கிறோம்.

ஆறாவது ஸ்லாட்டில் பஞ்சு எப்படி வந்தது

காலி ஸ்லாட்டின் முகப்பில் ஒரு தகடு இருக்க வேண்டும். வாங்கும்போது சேசிஸோடு வரும். இங்கே அதைக் காணோம். என்றைக்கோ யாரோ கழற்றி வைத்து, எங்கோ போய்விட்டது. தூசி புகாமல் தடுப்பது அந்தத் தகட்டின் பாதி வேலைதான். மற்றப் பாதி, உள்ளே காற்று போகும் வழியைக் காப்பது.

ஐ.டி. பையனைப் பஞ்சைச் சீவும் கார்டிங் பக்கம் அனுப்பி, ஒரு துண்டு ஸ்லைவர் (சீவிய பஞ்சின் கயிறு போன்ற திரி) வாங்கிவரச் சொன்னேன். அதிலிருந்து மெல்லிய இழையைப் பிரித்து, சேசிஸின் இடப்பக்கம், காற்று வெளியே வரும் இடத்தில் மேலிருந்து கீழாகப் பிடித்துக்கொண்டே வந்தோம். 1, 2 அருகில் இழை படபடவென்று அடித்தது. 3, 4 அருகிலும் பரவாயில்லை. 5-க்கு நேரே வந்ததும் சும்மா தொங்கியது. அப்புறம் அதே இழையை முன்பக்கம் ஆறாவது ஸ்லாட்டின் வாய்க்கு எதிரே பிடித்தபோது, அது நேராக உள்ளே இழுபட்டது. பையன் இழையையும் சேசிஸையும் மாறி மாறிப் பார்த்தான்.

வலப்பக்கம் சுவரை ஒட்டியிருப்பதால் காற்று வர வழியில்லை. முன்னால் ஒரு ஓட்டை திறந்திருக்கிறது. அதனால் காற்று அந்த ஓட்டை வழியாகவே புகுந்து, நேராக விசிறிக்குப் போகிறது. 5-இல் உள்ள கார்டின் மேல் அது ஓடுவதே இல்லை. போதாக்குறைக்கு அந்த இடத்துக்கு நேரான விசிறிதான் நின்றுபோயிருந்தது. ட்ரேயைக் கழற்றிப் பார்த்தால், அந்த விசிறியின் தண்டில் பஞ்சு நூலாகவே சுற்றியிருந்தது.

பஞ்சு அறைக்குள் வந்த வழியும் தெரிந்தது. வாரம் ஒரு முறை ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் கம்ப்ரஸர் ஓஸைக் கொண்டுவந்து ரேக்குக்கு 'ஏர் அடித்து' சுத்தம் செய்திருக்கிறார்கள். ஆலையில் எங்கே பார்த்தாலும் ஏர் லைன் இருக்கிறது, மெஷினுக்கு அடிப்பது போல இதற்கும் அடிக்கிறார்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். விசிறியை அதன் அளவுக்கு மேல் சுழற்றித் தாங்கு உருளையைக் கெடுக்கும். பஞ்சை வெளியே எடுப்பதைவிட உள்ளே திணிப்பதே அதிகம். ஆறாவது ஸ்லாட்டில் அடைபோல இறுகியிருந்தது அப்படித் திணித்தது. பஞ்சு சும்மா இருந்தாலே ஈரம் குடிக்கும் பொருள். ரிங் ஃப்ரேம் டிபார்ட்மென்டில் ஈரப்பதத்தை 55 முதல் 60 சதவீதம் வரை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். அந்தக் காற்றில் ஊறிய பஞ்சு பின்களுக்கு நடுவே உட்காருவது நல்லதில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது இந்தப் பக்கத்து ஆலைகளில் கதவிடுக்கு வழியாகப் புழுதியும் சேர்ந்துகொள்ளும்.

சூடுதான் என்பதற்கு என்ன சாட்சி

பழைய கார்டின் கனெக்டர் நசுங்கிவிட்டதால் அதை இனி எந்த நல்ல சேசிஸிலும் போட்டுச் சோதிக்க முடியாது. கார்டுக்குள்ளேயே தன் வெப்பநிலை வரலாற்றைச் சேமிக்கும் வசதி சில மாடல்களில் உண்டு. அதைப் படிக்கவும் கார்டு எழ வேண்டும். ஆகவே வேறு பக்கமாகப் போனோம்.

எலக்ட்ரிகல் டிபார்ட்மென்டின் ஷிப்ட் ரிஜிஸ்டரில் "கேமரா கட்" என்று பேனாவால் எழுதியது நிறைய இருந்தது. சுவிட்ச் மறந்ததை நோட்டு மறக்கவில்லை. எல்லாம் ஏப்ரல் மாதத்து மத்தியானங்கள். காலை ஷிப்டிலோ இரவு ஷிப்டிலோ ஒன்றுகூட இல்லை. ஞாயிறு, திங்கள் என்ற வித்தியாசம் இல்லை. மெஷின் லோடோடு பொருந்தவில்லை, ஜெனரேட்டர் ஓடிய நேரத்தோடும் பொருந்தவில்லை.

அப்புறம் ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சிஸ்லாக் சர்வராக்கி, சுவிட்சின் கடிகாரத்தையும் சரியான நேரத்தோடு இணைத்து விட்டுவிட்டோம். ஃபேன் ட்ரே வருவதற்குள்ளாகவே, வெயில் ஏறிய மத்தியானங்களில் ஏழாவது ஸ்லாட்டுக் கார்டிலிருந்து வெப்பநிலை எச்சரிக்கைகள் வர ஆரம்பித்தன. அதே நேரத்தில் 1, 2 இரண்டும் அமைதியாக இருந்தன. இந்தச் சேசிஸில் எச்சரிக்கை இரண்டு படி: முதல் படியில் லாக்கில் எழுதும், விளக்கு ஆரஞ்சாகும், இரண்டாம் படியைத் தொட்டால் கார்டின் மின்சாரத்தையே நிறுத்தும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. சூடு இறங்கியதும் கார்டு திரும்ப எழும். 5-இல் இருந்த கார்டு கேமராக்களுக்கு மின்சாரமும் கொடுத்ததால் எல்லாவற்றையும்விட அதிகச் சூடு அதற்கு. அதுதான் முதலில் விழுந்தது. சேசிஸின் வரம்பு உள்ளே போகும் காற்று 40 டிகிரி. அறையில் ஏசி குளிர்ந்தாலும், சுவருக்கும் ரேக்குக்கும் நடுவில் சிக்கி, வெளியே தள்ளிய சூடே திரும்பச் சுற்றிவந்த காற்று அந்த வரம்பைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை.

ஃபேன் ட்ரே வந்ததும் மாற்றினோம். சுவிட்ச் ஓடும்போதே மாற்றலாம், ஆனால் பழையதை இழுத்ததற்கும் புதியதைச் செருகுவதற்கும் இடையே பேச்சுக்கு நேரமில்லை. புதியதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் பழையதைத் தொட வேண்டும். ரேக்கை இழுத்துச் சுவரிலிருந்து தள்ளி வைத்தோம். 5, 6 இரண்டுக்கும் தகடு போட்டு மூடி, மேலே "கார்டு போடக் கூடாது" என்று ஒட்டினோம். அதே ஏப்ரல், அதே வெயில், 7-இலிருந்து எச்சரிக்கை நின்றுவிட்டது. கேமராக்களைத் தற்காலிகமாக ஒரு சின்னத் தனிச் சுவிட்சுக்கு மாற்றி, 1-இல் இருந்து ஒரு ஃபைபர் இழுத்துக் கொடுத்தோம்.

பின்னை நிமிர்த்தினால் போதாதா

மேனேஜர் கேட்டார். நியாயமான கேள்விதான். மின்சாரத்தை நிறுத்தி, சாமணத்தால் ஒரு பின்னை நிமிர்த்திவிடலாம். கோயமுத்தூரில் பின்னையே மாற்றித் தரும் கைதேர்ந்த ஆட்களும் உண்டு. சோதனை மேடைக்கு என்றால் நானே செய்வேன். ஆனால் ஒரு முறை மடங்கி நிமிர்ந்த உலோகம் அடுத்த முறை ஒடியும். நிமிர்ந்தது இம்மி சாய்ந்திருந்தாலும் அடுத்துப் போடும் கார்டின் துளையை நசுக்கும், திரும்பவும் அதே சங்கிலி. மின்சாரப் பின் பக்கத்துப் பின்னோடு உரசினால் அது தனிக் கதை. மூன்று ஷிப்டு ஓடும் ஆலையின் நடுச் சுவிட்சில் அதை வைத்துக்கொள்ள நான் சம்மதிக்கவில்லை.

மாற்ற வேண்டியது சேசிஸ் மட்டும். சூப்பர்வைசர்கள், பவர் சப்ளைகள், நல்ல மூன்று கார்டுகள் எல்லாம் அப்படியே புதிய சேசிஸுக்குப் போகும். முதலில் வந்த கொட்டேஷனில் பெரும்பகுதி இங்கேயே கழிந்துவிட்டது. பழைய மாடல் என்பதால் புதுப்பித்த சேசிஸ்தான் கிடைத்தது. பணம் கொடுக்கும் முன் ஏழு ஸ்லாட்டிலும் டார்ச் அடித்துப் பார்த்தோம், விற்றவர் முகம் சுளித்தாலும்.

மே 1

ஆலை நிற்கும் நாள் ஆண்டில் சொற்பம். மே தினத்தைப் பிடித்துக்கொண்டோம்.

எனக்கு இருந்த பயம் கனெக்டர் பற்றியதில்லை. ஆண்டுக்கணக்கில் ஓடிய மின்னணுப் பொருளை முழுதாக ஆறவிட்டு மறுபடி எழுப்பும்போதுதான் பல கோளாறுகள் முகம் காட்டும். 2014-இல் ஒரு பெரிய தயாரிப்பாளர், 2005-க்கும் 2010-க்கும் இடையில் செய்த சில கருவிகளின் நினைவகச் சில்லுகளில் இந்தக் குணம் இருப்பதாக அறிவித்ததே உண்டு: ஓடும் வரை ஓடும், மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்தால் எழாமல் போகலாம். அதனால் ஒரு சூப்பர்வைசரை வாடகைக்கு எடுத்துக் கையில் வைத்திருந்தோம். கான்ஃபிகரேஷனும் மென்பொருளும் இரண்டு இடத்தில் பிரதி. ஒவ்வொரு கேபிளுக்கும் லேபிள், ஒவ்வொரு கார்டுக்கும் போட்டோ.

கார்டுகளைப் புதிய சேசிஸில் ஏற்றும் முன் ஒவ்வொன்றின் துளைகளையும் லென்ஸில் பார்த்தோம். பிறகு தண்டவாளத்தில் நேராக வைத்து, லீவர் தொடும் வரை விரல் பலத்தில் மட்டும் தள்ளி, இரண்டு லீவரையும் ஒரே நேரத்தில் மடக்கி, திருகுகளைக் கையால் முறுக்கினோம். கார்டின் ஓரத்தில் உள்ள உலோகச் சுருள் பட்டை மேலே உள்ள கார்டில் உரசினால் இறுக்கமாகத்தான் இருக்கும்; அப்போது பலம் கூட்டக் கூடாது, கார்டைச் சற்றுக் கீழே அழுத்தி இடம் விட வேண்டும். பூட் ஆகும்போது முழுச் சுயசோதனை ஓடும்படி வைத்திருந்தோம். நேரம் கூடுதலாக எடுக்கும், எடுக்கட்டும். எல்லாம் எழுந்தன. வாடகைச் சூப்பர்வைசர் பெட்டியைப் பிரிக்காமலே திரும்பிப் போனது.

ஒரே ஒரு இடத்தில் மாட்டினோம். நெட்வொர்க்கில் சுவிட்சை அடையாளம் காட்டும் அதன் அடிப்படை மேக் முகவரி சேசிஸில் இருக்கிறது, சூப்பர்வைசரில் இல்லை. சேசிஸ் மாறினால் அதுவும் மாறும். சுவிட்சுகளுக்கிடையே தரவு சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீயில் வேர்ச் சுவிட்ச் எது என்பதை முன்னுரிமை எண் கொடுத்து நிலைநிறுத்தி இருந்ததால் அங்கே சிக்கலில்லை. லைசென்ஸும் புதிய சேசிஸின் எண்ணுக்கு முன்பே மாற்றி வாங்கியாகிவிட்டது. ஆனால் எடை மேடைக் கம்ப்யூட்டர் மட்டும் பேசவே இல்லை. கேபிள் சரி, போர்ட் பச்சை, பிங் கொடுத்தால் பதில் இல்லை. பார்த்தால், கேட்வேயாக (வெளியே போகும் வாசலாக) இருக்கும் இந்தச் சுவிட்சின் பழைய மேக் முகவரியை யாரோ அந்தக் கம்ப்யூட்டரில் நிலையாக எழுதி வைத்திருக்கிறார்கள். எதற்கு என்று கேட்க ஆள் இல்லை. அழித்ததும் வந்துவிட்டது. வாசலில் நின்ற பஞ்சு லாரிக்காரர் அதுவரை டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு

துளை சிதைந்த மாற்றுக் கார்டுக்கு யார் பணம் கொடுப்பது என்று பழைய நிறுவனத்துக்கும் ஆலைக்கும் கொஞ்ச நாள் இழுபறி. கட்டத் தாளில் போட்ட நான்கு படங்களையும் போட்டோக்களையும் மேசையில் வைத்துப் பேசியதில், பாதிப் பாதி என்று முடிந்தது. தகடு இல்லாமல் விட்டது ஆலை, பார்க்காமல் அழுத்தியது அவர்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. ரேக்குக்கு ஏர் அடிப்பதை மேனேஜர் நிறுத்திவிட்டார். எலக்ட்ரீஷியன் ஷிப்ட் ரிஜிஸ்டரில் ஃபேன் ட்ரே விளக்கின் நிறத்துக்கு ஒரு பத்தி சேர்த்திருக்கிறார், நாங்கள் சொல்லாமலே. ஸ்டோர்ஸில் ஒரு ஃபேன் ட்ரே உதிரியாக வாங்கி வைத்தாயிற்று.

பழைய சேசிஸ் எங்கள் பட்டறைக்கு வந்துவிட்டது. 5, 6 இரண்டையும் மூடிவிட்டு, மற்ற ஸ்லாட்டுகளில் வெளியிலிருந்து வரும் கார்டுகளைச் சோதிக்கிறோம். துளை நசுங்கிய அந்த இரண்டு கார்டுகளுக்கு மட்டும் அதிலும் இடமில்லை.